தாது வருஷத்தில் வானம் பொய்த்தது!

செஞ்சியிலிருந்து அவலூர்பேட்டை பக்கம் போனால் பாறைக் குன்றுகளைப் பார்க்கலாம். குன்றுகளுக்கு நடுவே வயல்கள். வயலுக்கு மேலே ஏரி.

வற்றாத ஆறு இந்தப் பக்கம் கிடையாது. மழை பெய்தால் ஏரி நிரம்பும். ஏரி நிரம்பினால் நெல். இல்லாவிட்டால் கம்பும் கேழ்வரகும்தான். அதற்கும் மழை வேண்டுமே!

இந்த மண்ணை நம்பிய குடியானவர்களுக்கு 1876-ம் ஆண்டு பெரும் சோதனை வந்தது. தமிழில் அது தாது வருஷம்.

அந்த ஆண்டு ஐப்பசி, கார்த்திகை மழை பெய்யவில்லை. 1877-ல் ஆடி மழையும் ஏமாற்றியது. பசிபிக் கடல் வழக்கத்துக்கு மேல் சூடேறியதே காரணம் என்று இன்று விஞ்ஞானிகள் சொல்லுகிறார்கள். அன்று அது யாருக்குத் தெரியும்? பாவம், வானத்தைப் பார்த்தபடி இருந்தார்கள்.

கூரையைத் தின்ற மாடு

பஞ்சம் வந்தால் முதலில் சாவது மாடு. வைக்கோல் தீர்ந்ததும் வீட்டுக் கூரையைப் பிரித்து மாட்டுக்குப் போடுவார்கள். அதுவும் தீர்ந்தால் மாடு விழும். பிறகு விதை நெல் உலைக்குப் போகும். மாடும் இல்லை, விதையும் இல்லை என்றால், மறு ஆண்டு மழை பெய்தும் என்ன பயன்?

நிலமில்லாத கூலிக்காரர் பாடு இன்னும் மோசம். விதைப்பும் அறுப்பும் இல்லாதபோது கூலி ஏது? தானிய விலையோ ஏறிக்கொண்டே போயிற்று. அந்த நாளிலும் இந்தியக் கோதுமை கப்பலேறிச் சீமைக்குப் போனது. இதைப் படிக்கும்போது வயிறு எரிகிறது.

ஒரு ராத்தல் தானியம்

சர்க்கார் நிவாரண வேலை கொடுத்தது. ஆனால் சர் ரிச்சர்டு டெம்பிள் என்ற அதிகாரி கூலியைக் குறைத்தார். நாள் முழுதும் உழைக்கும் ஆணுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓர் அணாவும். அவ்வளவுதான்!

“இது உயிர் தரிக்கப் போதாது” என்று வாதாடினார் சென்னை சுகாதாரக் கமிஷனர் கார்னிஷ். அவரும் வெள்ளைக்காரர்தான். 1877 மார்ச்சில் படி ஓரளவு உயர்ந்தது.

சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பக்கிங்ஹாம் கால்வாய்ப் பகுதி அந்தப் பஞ்சக் கூலியில் வெட்டியதே. அந்தக் கால்வாய்தான் தெற்கே மரக்காணம் வரை வருகிறது.

பஞ்சத்தில் மாண்டவர்கள் இந்தியாவில் சுமார் 55 லட்சம் பேர் என்பது ஒரு கணக்கு.

கடல் தாண்டிய குடிகள்

அமெரிக்காவின் புல்வெளிகளிலும் இதே காலத்தில் குடியேறிகள் ஏர் பூட்டினார்கள். 1862-ம் ஆண்டுச் சட்டப்படி ஒருவருக்கு 160 ஏக்கர் நிலம். ‘ஏர் போகும் இடத்துக்கு மழை வரும்’ என்று கூட அங்கே நம்பினார்கள். 1890-களில் வறட்சி அடித்தது. பலர் மூட்டை கட்டினார்கள். 1930-களில் மண்ணே புழுதிப் புயலாகப் பறந்தது.

நம்மவர்களுக்கு நிலம் கொடுப்பார் யார்? இலங்கைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகக் கிளம்பினார்கள். வட ஆற்காடு, தென் ஆற்காடு ஜில்லாக்காரர் பலர் தென் ஆப்பிரிக்காவின் நேட்டாலுக்கும் ஒப்பந்தக் கூலிகளாகப் போனார்கள். ஒப்பந்தம் முடிந்ததும் சிலர் அங்கேயே காய்கறித் தோட்டம் போட்டுப் பிழைத்தார்கள்.

மல்லாட்டை வந்தது

ஊரில் தங்கியவர்களுக்குக் கை கொடுத்த பயிர் ஒன்று உண்டு. வேர்க்கடலை என்றால் நீங்கள் அறிவீர்கள். இந்தப் பக்கத்தில் அதற்குப் பெயர் மல்லாட்டை! மணிலாக் கொட்டைதான் அப்படி மருவியது. ஏரித் தண்ணீர் இல்லாத மேட்டு நிலத்திலும், நாலு மழை கிடைத்தால் விளையும். புதுச்சேரித் துறைமுகம் வழியாகப் பிரான்ஸ் வரை போய்க் காசானது.

வறட்சிக்கு முன்னே அறுத்துவிட, சீக்கிரம் விளையும் விதை வேண்டும் அல்லவா? திண்டிவனம் எண்ணெய் வித்து ஆராய்ச்சிப் பண்ணையார் 1940-ல் ஒரு கொத்துக் கடலை ரகத்தை வெளியிட்டார்கள். சுமார் 105 நாளில் அறுவடை. பெயர் டி.எம்.வி. 2. அந்த மூன்று எழுத்தும் திண்டிவனத்தைத்தான் குறிக்கின்றன.