அரிய பச்சோந்தியைக் கூண்டில் வளர்ப்பது அதைக் காப்பதாகுமா?



'அரிய விலங்குகளை வீட்டில் வளர்க்கலாமா?' என்று தலைப்பு கொடுத்தால், நிறைய பேர் 'வாயில்லா உயிர், பாவம்' என்று தொடங்கி அங்கேயே நின்றுவிடுகிறார்கள். இரக்கம் நல்லதுதான். ஆனால் விளக்கக் கட்டுரைக்குச் சான்று வேண்டும். ஓர் உயிரை எடுத்துக்கொண்டு அலசிப் பார்ப்போமா?

எது பச்சோந்தி?

நம் வீட்டுத் தோட்டத்தில் ஓடும் பச்சை நிறச் சும்பா-சும்பாவைக் காட்டி 'அதோ பச்சோந்தி!' என்கிறோம். அது ஓணான் குடும்பம்ங்க. உண்மையான பச்சோந்தி மலேசியா, சிங்கப்பூர் காடுகளில் இல்லை. உலகில் 200-க்கும் மேற்பட்ட பச்சோந்தி இனங்கள் உள்ளன. அவற்றில் ஏறக்குறைய பாதி மடகாஸ்கர் தீவில் மட்டுமே வாழ்பவை.

அங்குள்ள மழைக்காட்டில் வாழ்வது பார்சன் பச்சோந்தி. வால் நுனி வரை அளந்தால் 60 சென்டிமீட்டருக்கு மேலும் வளரும். உலகின் மிகப் பெரிய பச்சோந்திகளில் இதுவும் ஒன்று.

வளர்ப்பதில் என்ன சிரமம்?

முதலாவது, தண்ணீர். பச்சோந்திகள் பொதுவாகக் கிண்ணத்தில் குடிப்பதில்லை. இலைமேல் நிற்கும் நீர்த்துளியைத்தான் நக்கும். ஆகவே கூண்டுக்குள் செடி வைத்து, நாள்தோறும் நீர் தெளிக்க வேண்டும்.

இரண்டாவது, ஒளி. புறஊதா ஒளி கிடைத்தால்தான் உடலில் வைட்டமின் டி3 உருவாகும். அது இருந்தால்தான் உணவிலுள்ள சுண்ணாம்புச் சத்து எலும்பில் சேரும். இல்லாவிட்டால் கால் எலும்பு வளைந்துபோகும். அதனால்தான் தீனியாகப் போடும் பூச்சிகள்மேல் சுண்ணாம்புச் சத்துப் பொடியைத் தூவுகிறார்கள்.

மூன்றாவது, தனிமை. இரண்டைச் சேர்த்து வைத்தால் துணை கிடைத்ததென்று மகிழாது. ஒன்றை ஒன்று பார்த்தே மிரளும். இனச்சேர்க்கைக்கு மட்டும் சிறிது நேரம் சேர்த்துவிட்டுப் பிரித்துவிட வேண்டும். முட்டை சுமக்கும் பெண்ணுக்கு ஈர மண் நிரப்பிய ஆழமான பெட்டி தேவை. குழி தோண்ட இடமில்லையென்றால் முட்டை வயிற்றிலேயே தங்கி, அதன் உயிரே போகலாம்.

பொறுமைக்கு வரும் சோதனை

பார்சன் பச்சோந்தி ஒரு முறையில் 50 முட்டைகள் வரை இடும். அட, நிறைய ஆச்சே என்று தோன்றுகிறதா? அவை பொரிக்க ஓராண்டு முதல் இரண்டாண்டு வரை ஆகும்! அதுவரை முட்டைப் பெட்டியின் ஈரத்தையும் வெப்பத்தையும் கவனிக்க வேண்டும். மடகாஸ்கரின் பருவங்களைப் போலவே கொஞ்ச காலம் குளிர்ச்சி, பிறகு வெதுவெதுப்பு என்று மாற்றித் தரவும் வேண்டும். பெண் பொதுவாக இரண்டு ஆண்டுக்கு ஒரு முறைதான் முட்டையிடும். பிறந்த குஞ்சு இனப்பெருக்க வயதை அடைய இன்னும் சில ஆண்டுகள்.

இங்கேதான் சிக்கல் ஆரம்பம். ஏமன் பச்சோந்தி ஓராண்டுக்குள் முட்டையிடும் வயதுக்கு வந்துவிடும். கூண்டிலேயே மலிவாகப் பெருகுவதால் அதைக் காட்டில் பிடிக்கத் தேவையில்லை. பார்சனோ நேர்மாறு. நேர்மையாக வளர்ப்பவர் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க, கடத்துபவர் ஒரே இரவில் கிளையிலிருந்து பறித்துவிடுகிறார். இரண்டும் ஒரே சந்தைக்குத்தான் வருகின்றன.

சட்டம் என்ன சொல்கிறது?

பச்சோந்திகளின் அனைத்துலக வணிகத்தை 'சைட்டிஸ்' உடன்படிக்கை கட்டுப்படுத்துகிறது. 1995-இல், நான்கு இனங்கள் தவிர மடகாஸ்கரின் மற்றப் பச்சோந்திகளின் வணிகம் நிறுத்திவைக்கப்பட்டது. பின்னர்ச் சில இனங்களுக்கு மட்டும் சிறு அளவில் அனுமதி வந்தது. 'கூண்டில் பிறந்தது' என்று சொன்னால் மட்டும் போதாது. காட்டில் பிடித்த தாய் கூண்டில் இட்ட முட்டையும் அப்படித்தானே பொரிக்கும்? அதனால், பெற்றோர் கூண்டிலேயே இணைந்தனவா, தலைமுறை தலைமுறையாகப் பெருக்க முடிகிறதா என்றும் பார்க்கிறார்கள்.

மலேசியாவில் 2008-ஆம் ஆண்டின் சட்டம் 686-இன்படி, இத்தகைய உயிர்களை இறக்குமதி செய்ய உரிமம் கட்டாயம். சிங்கப்பூரில் பச்சோந்தியைச் செல்லப்பிராணியாக வளர்க்கவே அனுமதி இல்லை.

ஆக, முடிவு?

கூண்டு வளர்ப்பினால் பயன் இல்லாமல் இல்லை. முட்டை, நோய், உணவு பற்றி நாம் அறிந்தவற்றில் பெரும்பகுதி பொறுமையான வளர்ப்பாளர்கள் தந்ததே. காட்டில் பிடிப்பதற்கான தேவையையும் அது குறைக்கலாம். ஆனால் மலைச்சரிவில் நெல் விதைக்கக் காட்டை வெட்டி எரிக்கும்போது, கூண்டிலுள்ள பச்சோந்தி அந்த மரத்தைத் திருப்பித் தராது. இனத்தைக் காப்பது காடு. கூண்டு அதற்குத் துணை நிற்கலாம், ஈடாகாது.

மாணவர்களே, இது எங்கள் முடிவு. நீங்கள் மாற்றுக் கருத்தும் எழுதலாம், தவறில்லை. ஆனால் ஒவ்வொரு கருத்துக்கும் கீழே 'ஏன்?' என்று ஒரு வரி, 'எடுத்துக்காட்டாக' என்று ஒரு வரி கட்டாயம் இருக்கட்டும்.

ஆசிரியர்களே, வகுப்பை இரு அணியாகப் பிரித்து, மேலே உள்ள சான்றுகளை மட்டும் வைத்துப் பத்து நிமிடம் வாதாடச் சொல்லுங்கள். பிறகு எழுதவிட்டுப் பாருங்கள். 'பாவம்' என்ற சொல் தானாகக் குறையும்.