தபாலின் மறுபாதியைச் சுமந்தவர்

பல ஆண்டுகளாக எட்டாம் வகுப்பில் ஒரு தகவலைத் தவறாகச் சொல்லி வந்திருக்கிறேன். "1932இல் ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து சென்னைக்கு விமானத்தில் தபால் கொண்டுவந்தார்" என்பேன். மாணவர்களும் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வார்கள். சென்ற ஆண்டு பள்ளி நூலகப் புத்தகம் ஒன்றோடு ஒரு மாணவி எழுந்தாள். "சார், டாடா பம்பாயிலேயே இறங்கிட்டாருன்னு இதுல போட்டிருக்கே. அப்புறம் மெட்ராஸுக்கு யார் ஓட்டிட்டு வந்தாங்க?"

எனக்குத் தெரியவில்லை. "தேடிப் பார்த்து நாளைக்குச் சொல்றேம்மா" என்றேன். தேடியபோது கிடைத்த பெயர் நெவில் வின்ட்சென்ட்.

தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்த இவர், பிரிட்டிஷ் விமானப்படையில் விமானியாகப் பணியாற்றியவர். படையிலிருந்து விலகியபின், நண்பர் ஒருவருடன் பழைய போர் விமானங்களில் இந்தியா வந்தார். ஊர் ஊராகப் பறந்து, கட்டணம் வாங்கிக்கொண்டு மக்களை வானில் ஏற்றிக் காட்டினார். அக்காலத்தில் லண்டனிலிருந்து விமானத் தபால் கராச்சி வரைதான் வந்தது. அதன்பின் ரயிலில்தான் பயணம். பம்பாய், சென்னை மக்களுக்குக் கடிதம் கிடைக்க மேலும் சில நாட்கள் ஆகும். அந்த இடைவெளியை இந்திய விமானங்களால் நிரப்பலாம் என்று திட்டம் தீட்டி டாடா நிறுவனத்தை அணுகியவர் வின்ட்சென்ட். நிறுவனத் தலைவர் தோராப்ஜி டாடா முதலில் தயங்கினார். 2 லட்சம் ரூபாய் முதலீட்டில் தொடங்கலாம் என்று அவரை இசைய வைத்தார்கள்.

1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாடா, ஒற்றை எஞ்சின் கொண்ட 'புஸ் மாத்' விமானத்தில் கராச்சியிலிருந்து புறப்பட்டார். அகமதாபாத்தில் இறங்கியபோது, மாட்டுவண்டியில் வந்த எரிபொருளை நிரப்பிக்கொண்டார். பின்னர் பம்பாயின் ஜுஹு திடலை அடைந்தார். அங்கிருந்து தபாலை ஏற்றிக்கொண்டு கிளம்பியவர் வின்ட்சென்ட். இரவில் பறக்க வசதியில்லாததால் பெல்லாரியில் தங்கி, மறுநாள் சென்னை வந்து சேர்ந்தார். வழிகாட்ட விமானத்தில் வானொலிக் கருவி கிடையாது. தரையைப் பார்த்துப் பார்த்துத்தான் பறக்க வேண்டும்.

அந்தச் சிறிய தபால் சேவைதான் பின்னாளில் ஏர் இந்தியாவாக வளர்ந்தது. வின்ட்சென்ட் அதைப் பார்க்கவில்லை. இந்தியாவில் விமானம் தயாரிக்கும் திட்டத்துக்காக இரண்டாம் உலகப்போரின்போது இங்கிலாந்து சென்றவர், 1942இல் திரும்பி வரும் வழியில், பயணம் செய்த போர் விமானத்தோடு மறைந்துபோனார்.

மறுநாள் வகுப்பில், "நான் இதுவரை சொன்னது பாதிதான்" என்று ஒப்புக்கொண்டேன். குறிப்பேட்டில் திருத்தி எழுதச் சொன்னேன். முந்தைய ஆண்டுகளில் படித்துச் சென்றவர்களின் குறிப்பேடுகளை இனி யார் திருத்துவது என்ற உறுத்தல் மட்டும் எனக்கு இன்னும் இருக்கிறது.

இப்போது இப்பாடத்தை இப்படி நடத்துகிறேன். வரைபடத்தில் கராச்சி, அகமதாபாத், மும்பை, பெல்லாரி, சென்னை ஆகிய ஐந்து ஊர்களையும் குறிக்கச் சொல்கிறேன். நூல் வைத்து அளந்து, அளவுகோலின்படி தொலைவைக் கணக்கிடுகிறார்கள். மணிக்குச் சுமார் 160 கி.மீ. வேகம் என்று கொண்டு பயண நேரத்தைக் காண்கிறார்கள். பெல்லாரியில் ஏன் ஓர் இரவு தங்க நேர்ந்தது என்பது அப்போது அவர்களுக்கே விளங்கிவிடுகிறது. கடைசியாக ஒரு கேள்வி: "இன்று நம் ஊருக்கு ஒரு கடிதம் வர எத்தனை பேர் கைமாறுகிறது?" அடுத்த நாள் அஞ்சலகத்தில் விசாரித்துப் பட்டியலோடு வருகிறார்கள். நீங்களும் உங்கள் வகுப்பில் கேட்டுப் பாருங்கள்.