கசப்புக்கு ஒரு நேரம், மணத்துக்கு ஒரு நேரம்

வீட்டில் பீர் காய்ச்சும் அமெரிக்கர்களின் செய்முறைக் குறிப்பில், ஹாப்ஸின் எடைக்குப் பக்கத்தில் 60, 15, 0 என்று எண்கள் இருக்கும். கொதி முடிய இன்னும் எத்தனை நிமிடம் என்பதே அந்தக் கணக்கு. 0 என்றால் அடுப்பை அணைக்கும் நேரம்.

ஹாப்ஸ், கஞ்சா குடும்பத்துக் கொடி. பெண்கொடியின் கூம்புப் பூக்களுக்குள் மஞ்சள் துகளாக லுபுலின் ஒட்டியிருக்கும். கசப்பு, மணம் இரண்டும் அதில்தான் இருக்கின்றன; சூடுபட்டால் இரண்டும் இரண்டு திசையில் போகும். கசப்புக்கு மூலமான ஆல்ஃபா அமிலங்கள், மால்ட் எனும் முளைகட்டிய தானியத்தின் சாற்றில் எளிதில் கரையாதவை. கொதிக்கக் கொதிக்க அவற்றின் மூலக்கூறு வடிவம் மாறி, ஐசோ-ஆல்ஃபா அமிலங்களாகிக் கரைகின்றன. மணம் தரும் எண்ணெய்களோ ஆவியோடு போய்விடும். ரசத்தை இறக்கும்போது மல்லித்தழை போடுவதுபோல, மணத்துக்கான ஹாப்ஸைக் கடைசியில் சேர்ப்பது இதனால்தான்.

இரண்டு மடங்கு நேரம் கொதித்தால் இரண்டு மடங்கு கசக்கும் என்பதில்லை. வீட்டில் காய்ச்சுவோர் பெரிதும் நம்பும் கிளென் டின்செத் சூத்திரப்படி, ஒரு மணி நேரத்தில் கிடைக்கும் கசப்பில் பாதி, முதல் 15 நிமிடத்திலேயே வந்துவிடுகிறது.

கடிகாரத்தைவிட வெப்பமானியைத்தான் நான் நம்பச் சொல்வேன். 80 டிகிரி செல்சியஸில் இந்த அமில மாற்றத்தின் வேகம், 100 டிகிரியில் இருப்பதில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. பீர் ஆலையில் ஆயிரக்கணக்கான லிட்டர் சாறு, கொதி நின்ற பிறகும் நெடுநேரம் சூடாக இருக்கும். 0 நிமிட ஹாப்ஸும் அங்கே கசப்பை இறக்கிக்கொண்டே இருக்கும். நாலு லிட்டர் பாத்திரத்தை ஐஸ் தண்ணீரில் வைத்தால் அது விரைவில் ஆறிவிடும். ஆலையின் குறிப்பை அப்படியே சுருக்கிக் காய்ச்சினால் பீர் சப்பென்று போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். சின்னப் பாத்திரத்தில் எடையும் கறாராக வேண்டும். பத்து சதவீத ஆல்ஃபா அமிலமுள்ள ஹாப்ஸ் தொடக்கத்தில் ஒரு கிராம் கூடினாலே, லிட்டருக்கு ஐந்தாறு மில்லிகிராம் கசப்பு ஏறிவிடும்.

ஊரின் உயரமும் கணக்கில் வரும். 1978-இல் அமெரிக்காவின் வீட்டில் பீர் காய்ச்சுவோர் சங்கம் தொடங்கிய கொலராடோவின் போல்டர் நகரம், 1,600 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. அங்கே தண்ணீர் 95 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். கசப்பு உருவாகும் வேகம் மூன்றில் ஒரு பங்கு குறையும். கூடுதல் ஹாப்ஸோ கூடுதல் நேரமோ தேவைப்படும்.

நொதித்தல் அடங்கிய பிறகு, சூடே இல்லாமல் ஹாப்ஸ் சேர்ப்பதும் உண்டு. ஓரிரு நாளில் மணம் இறங்கிவிடும். ஆனால் ஹாப்ஸிலுள்ள நொதிகள், ஈஸ்ட் தொடாமல் விட்ட டெக்ஸ்ட்ரின் எனும் மாவுச்சத்துத் துண்டுகளைச் சர்க்கரையாக உடைக்கும். இங்கிலாந்தில் பிரவுன், மாரிஸ் என்ற இருவர் 1893-லேயே இதை எழுதிவிட்டார்கள். அடங்கிய நொதித்தல் மறுபடி தொடங்கும். அவசரப்பட்டு அடைத்த பாட்டில் வெடிக்கவும் கூடும். பீரின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டரின் அளவு சில நாள் அசையாமல் நின்ற பிறகே அடைக்க வேண்டும்.