பல்கலைக்கழகக் கட்டடங்களில் நிலநடுக்கப் பாதுகாப்பும் அவசரகால வெளியேற்றமும்: திண்டுக்கல் சமவெளியை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

தீவிபத்தில் உடனே வெளியேறுதல் உயிர்காக்கும். நிலநடுக்கத்திலோ அதிர்வு அடங்கும்வரை உள்ளேயே தற்காத்துக்கொண்டு, பின்னர் வெளியேறுவதே உயிர்காக்கும். உயர்கல்வி நிறுவனங்களின் வெளியேற்றத் திட்டங்கள் இவ்வேறுபாட்டை உள்வாங்க வேண்டியதன் தேவையை இக்கட்டுரை விளக்குகிறது.

குறிச்சொற்கள்: நிலநடுக்கம், அவசரகால வெளியேற்றம், படிக்கட்டு, ஒத்திகை, திண்டுக்கல்

முன்னுரை

சிறுமலையின் அடிவாரம் தொடங்கி வடக்கே வடமதுரை, வேடசந்தூர் வரை விரிந்துள்ள திண்டுக்கல் சமவெளியிலும் அதன் சுற்றுப்புறத்திலும் காந்திகிராம கிராமிய நிகர்நிலைப் பல்கலைக்கழகம் முதலாகப் பல உயர்கல்வி நிறுவனங்கள் இயங்குகின்றன. பழம்பாறைகளாலான தென்னிந்திய நிலப்பகுதி உறுதியானது. ஆகவே இங்கு நிலநடுக்க அச்சம் இல்லை என்பது பரவலான நம்பிக்கை. இந்நம்பிக்கை ஆராயத்தக்கது.

1. தாழ்ந்த மண்டலமும் இடரும்

1900ஆம் ஆண்டு பிப்ரவரி 8 அன்று கோயம்புத்தூர்ப் பகுதியில் ஏறத்தாழ 6 அளவிலான நிலநடுக்கம் நிகழ்ந்தது. தென்னிந்தியாவின் பெரும்பகுதி அதனை உணர்ந்தது. 2001 செப்டம்பர் 25 அன்று புதுச்சேரிக்கு அப்பால் கடலில் தோன்றிய நடுக்கம் தமிழகக் கடற்கரை நகரங்களை அதிரச்செய்தது. மகாராட்டிரத்தின் கில்லாரியில் 1993 செப்டம்பர் 30 அன்று ஏற்பட்ட 6.2 அளவு நடுக்கம் ஆயிரக்கணக்கானோரைப் பலிகொண்டது. அப்பகுதி அன்றைய வரைபடத்தில் இடர் மிகக் குறைந்த முதல் மண்டலத்தில் இருந்தது. 2002இல் திருத்தப்பட்ட இந்தியத் தரவரையறை (ஐ.எஸ். 1893) முதல் மண்டலத்தையே நீக்கியது, தமிழகம் இரண்டாம், மூன்றாம் மண்டலங்களுக்குள் வைக்கப்பட்டது. மண்டலம் தாழ்ந்தது என்பது இடர் குறைவு என்பதையே உணர்த்தும், இடரின்மையை உணர்த்தாது.

2. கட்டட அமைப்பு

2001 சனவரி 26 அன்று குசராத்தின் புச்சு பகுதியில் நிகழ்ந்த நடுக்கத்தில், 200 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள அகமதாபாத்திலும் அடுக்குமாடிகள் இடிந்தன. வாகனம் நிறுத்துவதற்காகத் தரைத்தளத்தைச் சுவரின்றித் தூண்களால் மட்டும் தாங்கியமை அவற்றுட் பலவற்றின் குறையாக இருந்தது. இத்தகைய தரைத்தளம் உடைய கல்விக் கட்டடங்களையும், பழைய கட்டடங்களையும் பொறியாளரைக் கொண்டு ஆய்ந்து வலுப்படுத்துதல் முதற்பணியாகும். நூலக அடுக்குகளையும் இரும்பு அலமாரிகளையும் சுவரோடு பிணைத்தல் செலவு குறைந்த காப்பாகும்.

3. இருவகை இடர், இருவகைச் செயல்

2004 சூலை 16 அன்று கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் மாண்டனர். தீயும் புகையும் பரவும் வேகத்திற்கு முன் வெளியேறுவதே அத்தகைய இடரில் ஒரே வழி. நிலநடுக்கத்திலோ கண்ணாடி, காரை, கைப்பிடிச்சுவர் ஆகியன வாயில்களிலும் சுவரோரங்களிலும் விழும். படிக்கட்டில் நெரிசலும் நேரும். எனவே குனிந்து, மேசையின் அடியில் மறைந்து, அதன் காலைப் பற்றிக்கொள்ளுதல் வேண்டும். வலுவான அதிர்வு பெரும்பாலும் ஒரு நிமிடத்திற்குள் அடங்கும். அதன்பின் மின்தூக்கியைத் தவிர்த்து, படிவழியே திறந்தவெளியை அடைய வேண்டும். பின்னதிர்வு நேரக்கூடும் என்பதால் உடனே உள்ளே திரும்பலாகாது. இரண்டு இடருக்கும் ஒரே மணியை ஒலித்தால் மாணவர் அதிர்வின் நடுவே படிக்கட்டை நோக்கி ஓடுவர். ஆகவே தீக்கு ஒன்றும், அதிர்வு அடங்கியபின் வெளியேறுவதற்கு வேறொன்றும் என இரு குறியொலிகள் தேவை.

4. படிக்கட்டின் கணக்கு

தேசியக் கட்டட விதித்தொகுப்பு (2016) படிக்கட்டில் ஆள் ஒருவருக்கு 10 மில்லிமீட்டர் அகலம் கணக்கிடுகிறது. எடுத்துக்காட்டாக, தளம் ஒன்றில் 60 மாணவர் அமரும் ஆறு வகுப்பறைகள் இருப்பின் 360 பேருக்கு 3.6 மீட்டர் வேண்டும். 1.5 மீட்டர் அகலமுள்ள இரு படிக்கட்டுகள் 300 பேருக்கே போதும். அவற்றுள் ஒன்று பூட்டிக் கிடப்பின் 150 பேருக்கே வழி. பூட்டிய கதவும், படியடியில் குவித்த பழைய மேசைகளும் வரைபடத்தில் தெரிவதில்லை. ஒத்திகையே அவற்றைக் காட்டும்.

5. ஒத்திகை

பருவந்தோறும் நடத்தும் ஒத்திகையில் வெளியேறிய நேரத்தைக் குறித்தல், கூடுமிடத்தில் வருகைப்பதிவேட்டைக் கொண்டு ஆளெண்ணிக்கை எடுத்தல், ஆய்வகத்தில் எரிவாயுவையும் மின்சாரத்தையும் நிறுத்துவோரை முன்னரே அமர்த்துதல், மாற்றுத்திறனாளிக்குத் துணைவர் இருவரை ஒதுக்குதல் ஆகியன இடம்பெற வேண்டும். முன்னறிவிப்பற்ற ஒத்திகையே உண்மைக் குறைகளை வெளிப்படுத்தும்.

முடிவுரை

நிலநடுக்கத்தின் நாளை முன்கூட்டிச் சொல்ல இயலாது. கட்டடத்தின் குறைகளை முன்கூட்டி அறிய இயலும். இடர் அரிதாக நேரும் திண்டுக்கல் போன்ற பகுதியில் பட்டறிவு பழக்கத்தைத் தருவதில்லை, பயிற்சியே தரவேண்டும். வலுவான தூண், பூட்டப்படாத கதவு, வேறுபடுத்தி அறியத்தக்க குறியொலி ஆகிய மூன்றும் பாடவேளை அட்டவணையைப் போன்றே கல்வி நிருவாகத்தின் அன்றாடக் கடமைகளாதல் வேண்டும்.