உப்புமா சாப்பிட்ட ஊர்களும் சாப்பிடாத ஊர்களும்

1987ஆம் ஆண்டு. ஹைதராபாத்தைச் சுற்றியுள்ள கிராமங்களுக்கு அங்கன்வாடித் திட்டம் அப்போதுதான் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தது. ஒரு பகுதியில் மையங்கள் திறந்துவிட்டன; பக்கத்துப் பகுதிக்கு இன்னும் வரவில்லை. தார்நாகாவில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் விஞ்ஞானிகள் இந்த வேறுபாட்டையே ஆய்வாக்கிக்கொண்டார்கள். மையம் வந்த 15 கிராமங்கள், வராத 14 கிராமங்கள் என்று பிரித்து 1990 வரை கவனித்தார்கள்.

மையம் வந்த ஊர்களில் கர்ப்பிணிகளுக்கும் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கும் தினமும் உப்புமா கிடைத்தது. மக்காச்சோளமும் சோயாவும் கலந்த மாவில், சோயா எண்ணெய் விட்டுக் கிளறியது. அதோடு தடுப்பூசி, ரத்தசோகைக்கான மருந்து, அடிப்படை மருத்துவ வசதி ஆகியவையும் சேர்ந்து கிடைத்தன.

இந்தக் கவனிப்பு பிள்ளைகளின் பிற்கால உடல்நலத்தில் தெரியுமா என்ற கேள்விக்கு விடை வரப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலானது. 2003 முதல் 2005 வரை சஞ்சய் கின்ரா தலைமையிலான குழு அந்த ஊர்களுக்குத் திரும்பிப் போய், 13 முதல் 18 வயதான 1,165 பேரைப் பரிசோதித்தது. 2008இல் ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ இதழில் முடிவு வெளியானது. உப்புமா கிடைத்த ஊர்ப் பிள்ளைகள் சராசரியாக 14 மில்லிமீட்டர் கூடுதல் உயரம். அவர்களிடம் இன்சுலின் எதிர்ப்பு சுமார் 20 சதவீதம் குறைவு. ரத்தக்குழாய்களின் விறைப்பும் குறைவு. ரத்த அழுத்தத்திலும் கொழுப்பு அளவிலும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

ஊர்கள் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கப்படவில்லை. உணவோடு மருத்துவ வசதியும் சேர்ந்தே போனது. அதனால் எல்லாப் பலனையும் உப்புமாவின் கணக்கில் எழுதிவிட முடியாது. ஆனாலும் தாய்க்கும் சேய்க்கும் ஆரம்பத்தில் கிடைத்த சிறு கவனிப்பின் தடம் பதின்பருவ உடலில் தெரிகிறது என்பது மிகப் பெரிய செய்தி.

கருவில் என்ன நடக்கிறது?

தாயின் உடலில் சத்து குறைந்தால், கரு இருப்பதைப் பங்கிட்டுக்கொள்கிறது. மூளைக்கு முன்னுரிமை; கணையம், சிறுநீரகம், தசை ஆகியவற்றுக்கு மிச்சம்தான். குறைவான சத்தில் பிழைக்கப் பழகிய இந்த உடல், பின்னாளில் அரிசியும் எண்ணெயும் சர்க்கரையும் தாராளமாகக் கிடைக்கும்போது திணறுகிறது. நீரிழிவும் இதய நோயும் அங்கே வேர்விடுகின்றன. பிரிட்டனில் பழைய பிறப்புப் பதிவேடுகளைப் புரட்டிய டேவிட் பார்க்கர், எடை குறைந்து பிறந்தவர்களிடையே இதய நோய் மரணம் அதிகம் என்று 1989இல் காட்டினார். கருவில் கிடைக்கும் சத்துக்கும் பின்னாளைய நோய்க்கும் என்ன தொடர்பு என்ற கேள்வியை ஹைதராபாத் ஆய்வு நம் ஊர் வயல்வெளிக்குக் கொண்டுவந்தது.

கர்ப்பிணிக்குச் சத்து ஏன் குறைகிறது? பெரும்பாலும் அறியாமையால் அல்ல. கையில் காசு இல்லாததால், ஓய்வு கிடைக்காததால், பள்ளிப் படிப்பு பாதியில் நின்றதால். 2019–21இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு இதில் படிப்பின் பங்கைத் தெளிவாகக் காட்டுகிறது. பள்ளிக்கே போகாத தாய்மார்களின் குழந்தைகளில் 46 சதவீதம் பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். பன்னிரண்டு ஆண்டோ அதற்கு மேலோ படித்த தாய்மார்களின் குழந்தைகளில் அது 26 சதவீதம். படித்த பெண்ணுக்குத் திருமணம் தள்ளிப்போகிறது, வருமானம் கூடுகிறது, வீட்டில் அவள் சொல் எடுபடுகிறது. மூன்றும் குழந்தையின் உடலில் சேர்கின்றன.

தெலங்கானாவில் 2015 முதல் ‘ஆரோக்ய லட்சுமி’ திட்டத்தில் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் அங்கன்வாடியிலேயே ஒருவேளை முழுச் சாப்பாடு, முட்டை, பால் தருகிறார்கள். நல்ல திட்டம். ஆனால், அதே கணக்கெடுப்பின்படி அங்கே 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 57.6 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. வளர்ச்சி குன்றிய குழந்தைகளின் விகிதம் முந்தைய கணக்கெடுப்பில் இருந்த 28 சதவீதத்திலிருந்து 33.1 சதவீதமாக ஏறியிருக்கிறது. சாப்பாடு அவசியம், அது மட்டும் போதாது.

ஹைதராபாத்தின் மேற்கே எழும்பும் அடுக்குமாடிகளில் செங்கல் சுமக்கும் பெண்ணை நினைத்துப் பாருங்கள். மதியச் சாப்பாட்டுக்கு அங்கன்வாடிக்குப் போய்வந்தால் கூலியில் பிடித்தம். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுங்கள் என்று மருத்துவர் சொல்கிறார். ஆறு மாதம் வேலைக்குப் போகாமல் அவள் எப்படிச் சாப்பிடுவாள்? ஊதியத்துடன் கூடிய 26 வாரப் பேறுகால விடுப்பு சட்டத்தில் இருக்கிறது. தினக்கூலிப் பெண்ணுக்கு அது எட்டுவதில்லை.

தமிழ்நாட்டில் 1987இல் தொடங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு நிதியுதவி, இழந்த கூலியை ஈடுகட்டும் வழியைக் காட்டியது. அந்த உதவி உரிய மாதத்தில், அலைக்கழிக்காமல் கைக்கு வர வேண்டும். வேலையிடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும். பெண்பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பை முடிக்க வேண்டும்.

குழந்தை நோஞ்சானாக இருந்தால் ‘தாய் சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை’ என்று சொல்வதை முதலில் நிறுத்துவோம். அந்தத் தாயை யார் பார்த்துக்கொண்டார்கள் என்று கேட்போம். உங்கள் வீட்டில் வேலை செய்யும் பெண் கர்ப்பமாக இருந்தால், சம்பளத்தோடு விடுப்பு கொடுங்கள். பிறக்கப்போகும் குழந்தைக்கு நீங்கள் தரக்கூடிய முதல் மருந்து அதுதான்.