பொம்மசந்திராவில் பழக்கப்படும் டி செல்கள்

மைசூரில் ஒருவருக்கு லிம்ஃபோமா என்ற இரத்தப் புற்றுநோய் வந்து, கீமோதெரபிக்குப் பிறகும் அது திரும்பினால், பத்து ஆண்டுகளுக்கு முன்பு நோயாளியின் டி செல்களை மாற்றியமைத்துப் புற்றைத் தாக்கவைக்கும் கார்-டி என்ற வழியே இந்தியாவில் கிடையாது. இன்று அந்த மருந்து பெங்களூரை ஒட்டிய பொம்மசந்திராவிலேயே தயாராகிறது. மருந்து என்கிறோமே தவிர, அது நோயாளியின் சொந்த இரத்த அணுதான்.

கிருமி புகுந்த செல்லைத் தேடிக் கொல்வது டி செல் என்ற வெள்ளணுவின் வேலை. புற்று செல்லோ நம் உடம்பிலேயே பிறந்தது. ஆகவே பல நேரம் தப்பிவிடுகிறது. 1989இல் இஸ்ரேலில் ஸெலிக் எஷ்ஹாரின் குழு, இலக்கை அடையாளம் காணும் ஆன்டிபாடியின் முனையை டி செல்லின் ஏற்பியோடு இணைத்தது. அந்த முதல் தலைமுறை அணுக்கள் உடலுக்குள் சீக்கிரமே சோர்ந்தன. பிறகு, பெருகிப் பிழைத்திருக்கத் தூண்டும் இன்னொரு புரதத் துண்டையும் சேர்த்தார்கள். அதன் பிறகே சிகிச்சை கைகூடியது. 2017இல் அமெரிக்கா முதல் கார்-டி மருந்துக்கு அனுமதி தந்தது.

நோயாளியின் இரத்தத்தை இயந்திரத்தில் ஓடவிட்டு வெள்ளணுக்களைப் பிரிக்கிறார்கள். வீரியம் நீக்கிய வைரஸ் ஒன்று புதிய மரபணுவை டி செல்லுக்குள் கொண்டு சேர்க்கிறது. பெருக்கி, சோதித்து, இரத்தம் ஏற்றுவதுபோல் இரத்தக் குழாயில் திரும்ப ஏற்றுகிறார்கள். புற்றாக மாறிய பி செல் என்ற வெள்ளணுவின் மேலுள்ள சிடி19 புரதம்தான் இந்த டி செல்களுக்கு இலக்கு. நல்ல பி செல்களும் கூடவே அழியும். அதனால் சிலருக்கு நோய் எதிர்ப்புப் புரதமான இம்யூனோகுளோபுலின் ஏற்ற வேண்டிவரும்.

அணுவின் வேகம் கூடினால் ஆபத்தும் கூடும். கோடிக்கணக்கான அணுக்கள் ஒரே நேரத்தில் தாக்கும்போது அழற்சியைத் தூண்டும் சைட்டோகைன்கள் பெருக்கெடுக்கின்றன. காய்ச்சல் ஏறும், இரத்த அழுத்தம் சரியும், சிலருக்கு நினைவு தடுமாறும். அணுவை அடக்கமாக வேலை செய்யவைப்பதே இன்றைய உண்மையான முன்னேற்றம் என்பேன். மும்பை ஐஐடியில் ராகுல் புர்வார் குழு, எலியிலிருந்து பெற்ற ஆன்டிபாடித் துண்டை மனிதப் புரதத்துக்கு நெருக்கமாக மாற்றியது. டாடா நினைவு மருத்துவமனையோடு சேர்ந்து உருவாக்கிய அந்த நெக்ஸ்கார்19 மருந்துக்கு 2023 அக்டோபரில் அனுமதி கிடைத்தது. சோதனையில் சுமார் 73 விழுக்காட்டினருக்குப் பலன் தெரிந்தது. நரம்புப் பாதிப்பு மிக அரிது.

பொம்மசந்திராவின் இம்யுனீல் நிறுவனம் 2025 ஜனவரியில் வெளியிட்ட கார்டெமி என்ற கார்-டி மருந்து, பார்சிலோனா மருத்துவமனை ஒன்றின் வடிவமைப்பு. அங்கே மருத்துவர்கள் மொத்த அளவை 10, 30, 60 விழுக்காடு என்று மூன்று தவணையாக ஏற்றி, உடல் தாங்குகிறதா என்று பார்த்தபின்பே அடுத்ததற்குப் போனார்கள். எனக்கு மிகவும் பிடித்த நுட்பம் இதுதான்.

இதுவரை கார்-டி சிகிச்சை பெரிதும் இரத்தப் புற்றுநோய்களுக்கே கைகொடுத்திருக்கிறது. மார்பகம், நுரையீரல் போன்ற உறுப்புகளின் கட்டிக்குள் டி செல்கள் நுழைவதும் கடினம், நுழைந்தாலும் அங்கே செயலிழக்கின்றன.

விலை இன்னொரு சுவர். அமெரிக்காவில் முதல் மருந்துக்கு 2017இல் 4,75,000 டாலர் என்றால், நெக்ஸ்கார்19 வெளிவந்தபோது அதற்கு 40 லட்சம் ரூபாய்க்கு மேல் ஆனது. குறைவுதான்; ஆனாலும் மைசூரின் ஒரு நடுத்தரக் குடும்பத்துக்கு அது வீட்டை விற்கும் தொகை. அதனால்தான் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் முயற்சியைக் கவனிக்கிறேன்: மருத்துவமனைக்குள்ளேயே, தானியங்கிக் கருவியில், ஏறத்தாழ 9 நாட்களில் அணுக்களைத் தயாரித்து, உறையவைக்காமல் நோயாளிக்கு ஏற்றியிருக்கிறார்கள்.