லேப்டாப் ஏன் இப்படி இரைகிறது?

தில்லியில் எங்கள் வீடு இரண்டே அறை. முன்னறையில் பகலில் என் மனைவியின் ஆபீஸ் வேலை, இரவில் மகளின் படிப்பு. ஓரத்துக் கட்டில் என் அம்மாவுக்கு. 2023 மே மாதம், இரவு 11 மணி இருக்கும். மகள் 12-ம் வகுப்பு மாதிரித் தேர்வை லேப்டாப்பில் எழுதிக்கொண்டிருந்தாள். "என்னடா இது, ராத்திரி வேளையில மாவு மெஷின் ஓடற மாதிரி?" என்று அம்மா எழுந்து உட்கார்ந்துவிட்டார். நான் எட்டிப் பார்ப்பதற்குள் சத்தம் நின்றது. சத்தம் மட்டுமல்ல, லேப்டாப்பே நின்றுவிட்டது. தேர்வில் இன்னும் 20 நிமிடம் பாக்கி. "தானா ஆஃப் ஆயிடுச்சுப்பா" என்றபோது அவள் குரல் உடைந்திருந்தது.

மறுநாள் ஒரு கடையில் காட்டினேன். திருப்பிக்கூடப் பார்க்காமல், "மதர்போர்டு போச்சு, 14,000 ரூபாய் ஆகும்" என்றார்கள். மனம் ஒப்பவில்லை. சங்கத்துக்கு வரும் ஓர் அன்பர், ஓய்வு பெற்ற பொறியாளர், ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து அடிமூடியைக் கழற்றிக் காட்டினார். விசிறிக்கும் காற்றுப் போகும் வழிக்கும் நடுவே சாம்பல் நிறத்தில் கம்பளித் துண்டு போல ஏதோ அடைத்துக்கொண்டிருந்தது. எல்லாம் தூசி. மூன்று வருட ஆந்தி! அதை எடுத்துப் போட்டு, சில நூறு ரூபாய் செலவில் பசை மாற்றியதும் லேப்டாப் பிழைத்துக்கொண்டது. அன்று அவரிடம் கற்றதையும், பிறகு நானே செய்து பார்த்துத் தெரிந்துகொண்டதையும் இங்கே சொல்கிறேன். நம்மில் பலர் வீட்டில் ஒரே லேப்டாப்பை நம்பித்தான் நாலு பேர் இருக்கிறோம்.

முதலில், அந்த விசிறிக்கு என்ன வேலை என்று பார்ப்போம். லேப்டாப்பின் மூளையான பிராசசர் கட்டைவிரல் நகம் அளவுதான். வேலை செய்யச் செய்ய அது கொதிக்கும். அதன் மேல் ஒரு செப்புத் தகடு, தகட்டிலிருந்து தட்டையான செப்புக் குழாய் ஒன்று ஓரத்துக்கு ஓடுகிறது. குழாய்க்குள் துளி நீர் உண்டு. அது சூட்டில் ஆவியாகி மறுமுனைக்குப் போய்க் குளிர்ந்து திரும்புகிறது. அந்த மறுமுனையில் மெல்லிய தகடுகள் சீப்பின் பற்களைப் போல நெருக்கமாக நிற்கின்றன. விசிறி அந்தப் பற்களினூடே காற்றைத் தள்ளிச் சூட்டை வெளியேற்றுகிறது. எவ்வளவு வேகமாகச் சுற்ற வேண்டும் என்பதைத் தனியாக ஒரு சில்லு வெப்பத்தை அளந்து முடிவு செய்கிறது. பிராசசர்கள் பலவற்றுக்கும் எல்லை 100 டிகிரிக்கு அருகில். அதை நெருங்கினால் பிராசசர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்படியும் ஆறாவிட்டால் எல்லாவற்றையும் அணைத்துவிடும். எங்கள் வீட்டில் அன்று இரவு நடந்தது இதுதான்.

ஆகவே, "சத்தம் தாங்கவில்லை, விசிறியை மட்டும் மெதுவாக ஓட வைக்க ஏதாவது மென்பொருள் உண்டா?" என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சில மாடல்களுக்கு உண்டு. ஆனால் அது, குக்கர் விசில் காதைத் துளைக்கிறதென்று வெயிட்டின் மேல் துணியை வைத்து அமுக்குவது போன்ற காரியம். அடுப்பைத் தணிக்க வேண்டும். விசில் தானே அடங்கும். விசிறியின் வேகம் பாதியானால் ஓசை சுமார் 15 டெசிபல் இறங்கும் என்பது பொறியியல் கணக்கு. 10 டெசிபல் குறைந்தாலே நம் காதுக்குச் சத்தம் பாதியானதாகத் தோன்றும். எனவே சூட்டைச் சிறிது தணித்தாலும் பலன் நன்றாகவே தெரியும்.

அடுப்பு எங்கே எரிகிறது? கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் சி.பி.யூ. என்ற தலைப்பைச் சொடுக்கினால், அதிகம் உழைக்கும் நிரல் மேலே வந்து நிற்கும். நாம் ஒன்றும் செய்யாதபோது மொத்தக் கணக்கு 10 சதவீதத்துக்குள் இருந்தால் சரி. லேப்டாப்பைத் திறந்த முதல் கால் மணி நேரம் விண்டோஸ் புதுப்பிப்பும் வைரஸ் சோதனையும் ஓடலாம். அதற்காகப் பதற வேண்டாம். அதன் பிறகும் ஏதாவது ஒன்று 40, 50 என்று காட்டிக்கொண்டிருந்தால் அதுதான் ஆசாமி. எங்கள் வீட்டில் அது பிரவுசர். மகள் 34 பக்கங்களைத் திறந்து வைத்திருந்தாள். கேட்டால் எல்லாமே படிப்பாம்.

அடுத்தது உட்காரும் இடம். பெரும்பாலான லேப்டாப்புகள் அடிப்புறமாகக் காற்றை உறிஞ்சுகின்றன. ஜனவரிக் குளிரில் ரஜாய்க்குள் புகுந்து மடியில் வைத்துக்கொண்டால் மூக்கைப் பொத்தியது மாதிரிதான். பலகை, தட்டு, கெட்டி அட்டைப் புத்தகம், எதன் மேலாவது வையுங்கள். பின்புறத்தை இரண்டு விரற்கடை தூக்கி வைத்தாலே வித்தியாசம் தெரியும். கோடையில் அறையே பகை. லேப்டாப் நிறுவனங்கள் பலவும் 35 டிகிரி வரையான சூட்டில் பயன்படுத்தவே சொல்கின்றன. மே, ஜூனில் இங்கே வெளியே 45. அதற்காகக் கூலருக்கு நேர் எதிரே வைத்துவிடாதீர்கள். கூலர் காற்றின் ஈரமும் சில நேரம் தெறிக்கும் நீர்த்துளியும் உள்ளே போனால் ஆபத்து.

இனி, பலருக்கும் தெரியாத ஒரு திருப்பம். இன்றைய பிராசசர்கள் அவசரம் வந்தால் தம் இயல்பு வேகத்தைத் தாண்டி ஓடும். இதற்கு டர்போ என்று பெயர். உதாரணமாக, 2017-ல் வந்து இன்னமும் பல வீடுகளில் இருக்கும் இன்டெல் ஐ5-8250யூ. இதன் அடிப்படை வேகம் 1.6 கிகாஹெர்ட்ஸ், டர்போவில் 3.4. வேகம் கூடும்போது மின்னழுத்தமும் கூட வேண்டும். செலவாகும் மின்சக்தியோ அழுத்தத்தின் வர்க்கத்தில் ஏறும். ஆகையால் கடைசியாகக் கிடைக்கும் கொஞ்ச வேகத்துக்கு நாம் கொடுக்கும் விலை ஏராளமான சூடு. ஒரு பக்கத்தைத் திறக்கும் அரை நொடிக்காகக்கூட டர்போ பாயும். விசிறி காரணமில்லாமல் திடீர் திடீரென்று சீறுவதாக நமக்குத் தோன்றுவது பெரும்பாலும் இதனால்தான்.

இதை அடக்க, கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் திறந்து, நடப்பிலுள்ள பிளானின் அட்வான்ஸ்டு செட்டிங்ஸுக்குப் போங்கள். பிராசசர் பவர் மேனேஜ்மென்ட் என்பதன் கீழ் மேக்ஸிமம் பிராசசர் ஸ்டேட் என்று இருக்கும். அங்கே 100 என்பதை 99 ஆக்குங்கள். ஒரு சதவீதம் குறைத்து என்ன ஆகப்போகிறது என்று நானும் சிரித்தேன். ஆனால் 99 என்றதும் பல இன்டெல் லேப்டாப்புகளில் டர்போ மொத்தமாக நின்றுவிடுகிறது. அன்று இரவு அம்மா தூங்கிவிட்டார். டைப் அடிக்க, வகுப்பு கேட்க, கணக்கு எழுத, எங்களுக்கு வித்தியாசமே தெரியவில்லை. வீடியோ வெட்டி ஒட்டுபவர்களுக்கு மட்டும் வேலை இழுக்கும்; அவர்கள் தேவைப்படும்போது மீண்டும் 100-க்கு மாற்றிக்கொள்ளலாம். சில புதிய லேப்டாப்புகளில் இந்த வரி கண்ணில் படாது. அங்கே செட்டிங்ஸ், சிஸ்டம் வழியாக பவர் மோடுக்குப் போய் பெஸ்ட் பவர் எஃபிஷியன்ஸி என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

நிறுவனங்கள் தரும் மென்பொருளிலும் அமைதி வழி உண்டு. ஏசஸ்காரர்கள் விஸ்பர் என்கிறார்கள், டெல்காரர்கள் கொயட் என்கிறார்கள். எச்.பி. லேப்டாப் வைத்திருப்பவர்கள் பயாஸில் ஒன்றைப் பார்க்க வேண்டும்: சார்ஜரில் இருக்கும்போது விசிறி ஓயாமல் ஓட வேண்டும் என்றொரு தேர்வு பல மாடல்களில் உண்டு. அதை எடுத்துவிட்டால், வேலையில்லாதபோது விசிறி நிற்கும்.

இவ்வளவு செய்தும் இரைச்சல் அடங்காவிட்டால் தூசிதான். நம் ஊர்ப்பக்கம் உள்ளவர்களைவிட இங்கிருப்பவர்களுக்கு இது அதிகத் தொல்லை. ஜன்னலை மூடினாலும் ஆந்தி விடுவதில்லை. வருடத்துக்கு ஒருமுறை, மழைக்காலத்துக்கு முன்பாகவே சுத்தம் செய்வது நல்லது. வாரன்டி இருந்தால் நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரிலேயே கொடுங்கள். நாமே திறப்பதானால் சார்ஜரைப் பிடுங்கி, மூடியைக் கழற்றியதும் முதல் வேலையாக பேட்டரி இணைப்பை எடுத்துவிட வேண்டும். பிறகு ஒரு பல்குச்சியால் விசிறியின் இறக்கையைப் பிடித்துக்கொண்டு ஊதுங்கள். பிடிக்காமல் பிளோயரால் ஊதினால் விசிறி தறிகெட்டுச் சுற்றி அதன் அச்சு தேய்ந்துவிடும். ஈரத்துணி கூடவே கூடாது. பிராசசருக்கும் செப்புத் தகட்டுக்கும் இடையே உள்ள பசை சில வருடங்களில் காய்ந்து பொருக்காகிவிடும். அதை மாற்றுவது சின்ன வேலைதான் என்றாலும் பழக்கமில்லாதவர்கள் மெக்கானிக்கிடம் விடுவதே மேல். நேரு பிளேஸ் போகிறவர்கள், தூசி தட்டிப் பசை மாற்ற என்ன கேட்கிறார்கள் என்று இரண்டு மூன்று கடைகளில் விசாரித்துவிட்டு, கண்ணெதிரே செய்யச் சொல்லுங்கள்.

சத்தத்தின் குணத்தையும் கவனியுங்கள். 'உஷ்' என்பது காற்றின் ஓசை. மேலே சொன்னவை அதற்கு உதவும். 'கரகர' என்றோ 'டிக் டிக்' என்றோ கேட்டால், தலைமுடி சிக்கியிருக்கிறது அல்லது விசிறியின் அச்சு தேய்ந்திருக்கிறது. தேய்ந்திருந்தால் விசிறியை மாற்றுவதுதான் வழி. அதற்காக மதர்போர்டை மாற்றச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

இன்னொன்று. சூடு நாள்பட்டால் பேட்டரியையும் பாதிக்கும். டச்பேட் மேலே எழும்பியிருந்தாலோ, மேஜையில் வைத்தால் லேப்டாப் ஆடினாலோ, அடிமூடி பிதுங்கியிருந்தாலோ, பேட்டரி உப்பியிருக்கக்கூடும். உடனே அணைத்துவிடுங்கள், சார்ஜ் போடாதீர்கள், அமுக்கியோ குத்தியோ பார்க்காதீர்கள். தீப்பிடிக்க வாய்ப்புண்டு. பிள்ளைகள் தூங்கும் கட்டிலின் தலைமாட்டில் லேப்டாப்பை இரவெல்லாம் சார்ஜ் போட்டு வைக்கும் வழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால், இன்றைக்கே அதை ஜன்னலோர மேஜைக்கு மாற்றிவிடுங்கள்.